பிடரியில் ஒரு நரை

மச்சாள்,

நேற்றுக் கிணற்றடியிலிருந்து அந்த மணம் வந்தது. கறுப்புத் தூளைச் சிரட்டையில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் மூக்கின் உச்சியைச் சுண்டுமே, அந்த மணம். நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நீ திரும்பி வந்துவிட்டாயோ என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வந்தது பயம் இல்லை, எரிச்சல். செத்த பிறகும் என் கிணற்றடியில் வந்து நின்று தலைக்கு மை பூசுகிறாயே என்ற எரிச்சல்.

எட்டிப் பார்த்தால் என் மகள். முழங்காலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பழைய பல் பிறஷால் நெற்றியோரம் தேய்க்கிறாள்.

"என்னடி செய்யிறாய்?"

"நாளைக்கு இண்டர்வியூ அம்மா. டவுனில புதுசா ஒரு புடவைக் கடை. முப்பத்தஞ்சு வயசுக்குள்ளதான் எடுப்பாங்களாம்."

"உனக்கு நாப்பத்தஞ்சு."

"அதுக்குத்தானே இது."

"இந்த வேலையெல்லாம் ஆரு உனக்குச் சொல்லித் தந்த?"

"மாமிதான். வேற ஆரு?"

மாமி என்றால் நீ. பெற்றது நான், சோறு ஊட்டியது நான். தலையில் எதைப் பூசினால் கதவு திறக்கும் என்று என் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போனது மட்டும் நீ.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மருமகனுக்கு மூச்சு முட்டும் வருத்தம் வந்துவிட்டது. அவருடைய தோணி வாவிக்கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்குள் கோழிகள் முட்டையிடுகின்றன. மகள் போய்வந்த தையல் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். சுறுக்காகத் தைக்கிறாள் என்று மேடையில் ஏற்றிக் கைதட்டிய அவளைத்தான் முதலில் குறைத்தார்கள், மூத்தவள் என்று. அன்று தொடங்கி அவள் ஏறாத படி இல்லை. எந்தக் கதவில் பார்த்தாலும் அந்த முப்பத்தைந்து ஒட்டியிருக்கிறது. பேக்கரிக்காரன் ஒருவன், "உங்கட வயசுக்கு நிண்டு வேலை செய்ய ஏலாது அக்கா" என்றானாம். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள், "நான் எப்ப அம்மா, குந்தி இருந்தன்?" என்று. விடிய எழும்பினால் படுக்கும்வரை நிற்கிற பிள்ளை அவள்.

முதியோர் கொடுப்பனவுக்குப் போனால் அவளுக்கு வயது காணாது. வேலைக்குப் போனால் வயது கூட. நடுவில் கிடக்கிற இந்த வருடங்களில் மனுசி எதைச் சாப்பிடுவது? வயல் வட்டையில் நெல் முற்றினால்தான் அரிவாளோடு இறங்குவார்கள். முற்றிவிட்டது, எனக்கு வேண்டாம் என்று வரம்பில் நின்று திரும்பிப் போன கமக்காரனை நான் கண்டதில்லை.

அந்தக் கதவு நமக்கும் தெரியும். சண்டை ஓய்ந்து, பாசிக்குடாப் பக்கம் ஹொட்டேல்கள் எழும்பிய காலம். கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளை முதலில் கண்டவள் நான். அதை மறந்துவிடாதே. அறை துடைக்கவும் விரிப்புத் தோய்க்கவும் பெண்கள் தேவை, ஐந்தாம் வகுப்புப் படித்தால் போதும் என்று இருந்தது. நம் இருவரையும் கூப்பிட்டு எழுதியது போல இருந்தது. ஒரே வாங்கில் இருந்து படித்து, ஐந்தோடு ஒன்றாக நிறுத்தப்பட்டவர்கள் அல்லவா நாம். பிறகுதான் கீழே வயதைப் பார்த்தேன். நாம் அதைத் தாண்டி எவ்வளவோ காலம்.

"விடுகா" என்றேன் நான்.

"போய்ப் பாப்பம். தாளில ஆயிரம் எழுதுவாங்க" என்றாய் நீ.

அடுத்த ஞாயிறு உன் தலை காகத்தின் இறகு மாதிரி மினுங்கியது. எனக்கும் பூசிவிட வந்தாய். நான் மாட்டேன் என்றேன். என் மூத்த பேத்தி அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். நம் ஊரில் பேரப்பிள்ளை கண்டவள் கலியாண வீட்டுக்குப் போனால் முன்பாயில் இருத்துவார்கள். அந்த மரியாதையை மை பூசி அழிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது கேட்டாலும் வராது.

நீ தலையோடு நிற்கவில்லை. நாக்கையும் பழக்கினாய். நம் பக்கத்து வாய்க்கு இளம்பெண்ணைக் கண்டால் 'மகள்', பெடியனைக் கண்டால் 'மனே'. மருந்து தருகிற டாக்டரும் மனேதான், பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிற பொலிஸ்காரனும் மனேதான். ஆளின் வயதை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடும் என்று உனக்கு எப்படித் தெரிந்ததோ. உன் கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டே, "ஓம் மிஸ், இல்ல மிஸ், இப்ப செய்யிறன் மிஸ்" என்று ஒரு கிழமை முழுக்கப் பழகினாய். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தேன். மச்சாள் கோழிக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன்.

ஹொட்டேலில் மேசைக்குப் பின்னால் இருந்தவள் என் மகளைவிட இளையவள். நீ முதலில் போனாய். அவள் உன் அடையாள அட்டையைப் பார்த்தாள், உன் முகத்தைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள்.

"ஆளைப் பாத்தா சொல்ல ஏலாதே" என்று சிரித்தாள்.

"ஓம் மிஸ்" என்றாய். வேலைக்கு எடுபட்டுவிட்டாய்.

பிறகு நான். என் அட்டையிலும் பிறந்த வருடம் அதேதான்.

"உங்களுக்கு இந்த வேலை ஏலுமா அம்மா?"

"ஏன் மகள் ஏலாது? பேத்தியை இடுப்பில வெச்சிக்கொண்டு நெல்லுக் குத்தினவள் நான்."

அவள் முகத்தில் ஒரு அன்பு வந்தது. அந்த அன்பில்தான் என் வேலை போனது. எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நீங்க பேத்தியோட சந்தோசமா வீட்டில இருங்க அம்மம்மா" என்றாள். ஏசியிருந்தால் நான் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்புக்கு என்ன பதில் சொல்வது?

ஒரே வாங்கு, ஒரே வருடம். நீ உள்ளே, நான் வெளியே.

அதற்குப் பிறகு பாலத்தடியில் உனக்காக ஹொட்டேலின் வெள்ளை வான் வந்து நின்றது. கறுப்புச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு என் வேலியோரமாகத்தான் நீ போகவேண்டும். உன்னைக் காணக்கூடாது என்று நான் முற்றம் கூட்டுகிற நேரத்தை மாற்றினேன். மாற்றியும் சப்பாத்துச் சத்தம் அடுப்படிவரை கேட்டது. பின்னேரம் திரும்பி வரும்போது உன் உடுப்பில் ஹொட்டேல் சவர்க்காரம் மணக்கும். என் உடுப்பில் கருவாடு. என் மகள் உன் தோளில் முகம் வைத்து, "என்ன மணம் மாமி!" என்பாள். எனக்கும் ஒரு சின்னச் சவர்க்காரக் கட்டி கொண்டுவந்து தந்தாய். நான் அதைப் பாவிக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

ஆனால் மச்சாள், உன் பிடரி உன் கைக்கு எட்டாது. அது மட்டும் எனக்கென்று கடவுள் ஒதுக்கிய பங்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு சிரட்டையோடு வந்து, கிணற்றுக் கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பாய். நான் பூசுவேன். பொறாமைக்காரியின் கையில் பிடரியைக் கொடுத்துவிட்டு நீ பாட்டுக்குக் கதைப்பாய். வெள்ளைக்காரர்களின் கட்டிலில் வைக்கத் துவாயை மடித்து அன்னம் செய்யப் பழகியதை அப்படித்தான் சொன்னாய். கேட்கக் கேட்க எனக்குள் புகைந்தது. ஒருமுறை பிறஷ் தானாக நின்றுவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கற்றை. அதை விட்டால் நாளைக்கு அந்த மிஸ்ஸின் கண்ணில் படும். நீ திரும்பவேயில்லை.

"ஒரு நரையும் விடாதகா. விட்டா உன்ட பொறாமைதான் அதில வெள்ளையாத் தெரியும்."

"பொறாமையா? எனக்கா? உன்ட துவாய் வாத்துக்கா?"

"அன்னம்கா."

"வாத்துத்தான்."

நீ குலுங்கிச் சிரித்ததில் மை என் முழங்கைவரை தெறித்தது. அந்தக் கற்றைக்கு இரண்டு தரம் பூசிவிட்டேன்.

இன்னொரு காலையும் நினைவில் இருக்கிறது. நீ மறந்துவிட்டுப் போன சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் பேத்தி பாலத்தடிக்கு ஓடினாள். வான் நின்றுகொண்டிருந்தது. "அம்மம்மா! அம்மம்மா!" என்று கத்தினாள். நீ திரும்பவில்லை. ஏறி, யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாய். பின்னாலேயே ஓடிய நான் பெட்டியை வாங்கி உள்ளே நீட்டினேன். "இவ சோத்தை அயத்துப்போய் வந்திட்டா" என்று மட்டும் சொன்னேன். பிள்ளை யாருடையது என்று சொல்லவில்லை. வான் போன பிறகு அவள் என் சீலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மம்மாக்குக் காது கேக்கல்லயா?" என்று கேட்டாள். அன்றைக்கு உன் சப்பாத்தில் எனக்குப் பொறாமை வரவில்லை. மறுநாள் வந்துவிட்டது. பொய் சொல்லமாட்டேன்.

நோயில் கிடந்தபோது உன் தலை அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. "வேலையிடத்தால பாக்க வருவாங்க. பூசிவிடுகா. கண்டா நிப்பாட்டிடுவாங்க" என்றாய். எழும்பி இருக்க ஏலாத நேரத்திலும் அந்த வேலை போய்விடும் என்ற பயம் உன்னை விடவில்லை. உன்னை என் மார்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பூசினேன். அவர்கள் வந்தது செத்த வீட்டுக்குத்தான், அதே வானில், ஒரே நிறச் சட்டைகளோடு, மலர் வளையத்தோடு. எனக்கு அப்படி யார் வரப்போகிறார்கள்? அந்த மிஸ்ஸும் வந்திருந்தாள். அவளும் இப்போது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். காதோரம் அவளுக்கும் மை தெரிந்தது. உன்னைப் பார்த்து, "கடைசி வரைக்கும் எவ்வளவு இளமையா இருந்தாங்க" என்று அழுதாள். அந்தப் புகழும் உனக்கே. அந்தக் கறுப்பு என் கை என்று ஒருத்திக்கும் தெரியாது.

அதனால்தான் நேற்று மகளின் கையிலிருந்து பிறஷைப் பறித்தேன். "தா இஞ்ச. பிடரி உனக்கு எட்டாது" என்றேன். பூசிக்கொண்டே உன் பாடத்தையும் சொன்னேன், மேசைக்குப் பின்னால் யார் இருந்தாலும் மிஸ் என்றுதான் சொல்லவேண்டும் என்று. "எனக்குத் தெரியும் அம்மா, நான் என்ன உங்களை மாதிரியா?" என்று சிரித்தாள். உன்னை மாதிரி என்று நினைப்பு அவளுக்கு.

இன்று மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். பாலத்தடியில் வைத்தே கேட்டேன்.

"மிஸ் எண்டு சொன்னியா?"

"முழுக்கச் சொன்னன். எல்லாம் நல்லாத்தான் போன. திங்கக்கிழமை வாங்க எண்டும் சொல்லிட்டா."

"மறுகா என்ன நடந்த?"

"எழும்பக்குள்ள அந்தப் பிள்ளைட முகத்தைப் பாத்தன் அம்மா. நல்லா வாடிப்போய் இருந்த. 'சாப்பிட்டியா மகள்' எண்டு கேட்டிட்டன்."

அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"சிரிச்சா. சிரிச்சிட்டு, அட்டையை இன்னொருக்காத் தாங்க எண்டு வாங்கி வடிவாப் பாத்தா. முடிவைப் பிறகு அறிவிக்கிறமாம்."

ஏசத்தான் வாயைத் திறந்தேன். பசித்திருந்த பிள்ளையைப் பார்த்துச் சாப்பிட்டியா என்று கேட்டவளை என்னவென்று ஏசுவது? தலை உன்னைப் போல, நாக்கு என்னைப் போல. என் வளர்ப்பு அது. இந்த இடத்தில் நெஞ்சு நிமிர்கிறது. உலையை நினைத்தால் குனிகிறது. நீ போயிருந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போயிருப்பாய். அந்தப் பெண் பசியில் மயங்கி விழுந்திருந்தாலும் "எழும்புங்க மிஸ்" என்றுதான் சொல்லியிருப்பாய். இந்த வயதிலும், நீ இல்லாத இந்த நேரத்திலும், அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குப் பொறாமை பற்றி எரிகிறது.

உன் கோழிகளின் குஞ்சுகள் இப்போது என்னிடம்தான் பெருகிக் கிடக்கின்றன. இதை எழுதுகிறபோது மகள் அவற்றுக்குத் தீன் போடுகிறாள். வாழைச்சேனையில் இன்னொரு கடையில் ஆள் எடுக்கிறார்களாம். "ஓம் மிஸ். இல்ல மிஸ். நான் போயிட்டு வாறன் மிஸ்." கோழிகள் தலையைச் சாய்த்துக் கேட்கின்றன. நான் இந்த முறை சிரிக்கவில்லை. நீ விட்டுப்போன பிறஷ் என் கூரை இறப்பில் செருகிக் கிடக்கிறது. பொறாமையும் அப்படியே இருக்கிறது, குறையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அவளுக்குப் பின்னால் இருப்பேன்.

நீ பயப்படாதே. ஒரு நரையும் விடமாட்டேன்கா.