நாற்பத்தொன்றாம் எண் துண்டு

ஜூலை 28
இன்றும் டுவேனுக்குப் பை அடுக்கும் வேலைதான். காட்டுத்தீ வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பை. முப்பது வருடமாகத் தன் சாக்ஸ் எங்கே என்று என்னைக் கேட்கும் கணவன், மாத்திரை, டார்ச், தண்ணீர், வீட்டுப் பத்திரம், உலர்ந்த மாட்டிறைச்சி என்று பட்டியல் போட்டு வைக்கிறான். கடைசியாகக் கைத்துப்பாக்கி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

"எதுக்கு?" என்றேன்.

"ஜனங்க கிளம்பினதும் திருடன் வருவான், மார்லீன்."

ஜூலை 30
ஒடெட்டா வந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரி, ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருக்கிறாள். வீட்டுக்கு ஒரு வெள்ளைத் துண்டு கொடுக்கிறாள். எங்களுடையதில் 41 என்று வீட்டு எண்ணை மையால் எழுதியிருக்கிறாள். அந்த நான்கு கோணல் மாணலாக இருக்கிறது.

"கிளம்பும்போது தபால்பெட்டில கட்டிடுங்க. துண்டு இருந்தா உள்ள ஆள் இல்லைன்னு நாங்க போய்ட்டே இருப்போம். இல்லைன்னா உள்ள வந்து தேடணும்."

"திருடனுக்கு வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடச் சொல்ற," என்றான் டுவேன்.

"உன் வீட்டுல என்னடா இருக்கு? அந்த டிவியை எவனாவது தூக்கிட்டுப் போனா, நானே அவனுக்குக் காபி போட்டுக் கொடுப்பேன்."

சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 4
துப்பாக்கி தண்ணீர்ப் புட்டியில் இடித்துக் கடகடவென்கிறதாம். துண்டில் சுற்றி வைத்துவிட்டான். அந்தத் துண்டில்தான்!

"வேற துணியே கிடைக்கலையா?"

"இதுதான் மெத்துனு இருக்கு. போகும்போது பிரிச்சுக் கட்டிக்கலாம்."

ஆகஸ்ட் 9
காற்று திரும்பிவிட்டது. கார்க் கண்ணாடியில் சாம்பல்.

ஆகஸ்ட் 11
வந்துவிட்டோம். உயிரோடு.

பகல் இரண்டு மணிக்கு வானம் செம்புத் தவலை மாதிரி ஆயிற்று. சைரன். டுவேன் பையைத் தூக்கி வண்டியில் போட்டான். தபால்பெட்டி அருகில் "துண்டு, டுவேன்!" என்று கத்தினேன்.

"அங்க பாரு, தெரியாத வண்டி. ரெண்டு பேர். அவனுங்க கண்ணு முன்னாடி வீடு காலின்னு கொடி ஏத்தணுமா?"

நிறுத்தவில்லை. நான் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். என் சட்டையும் வெள்ளைதான், அதைக் கிழித்தாவது கட்டியிருக்கலாம். ஏன் சும்மா இருந்தேன்? — அந்த இரண்டு பேரைப் பார்த்து எனக்கும் பயம். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 12
முகாம், பள்ளிக்கூடத்தில். துப்பாக்கியோடு உள்ளே விடமாட்டார்களாம். டுவேன் ஒப்படைக்க மாட்டானாம். அதனால் வாசலில், வண்டியிலேயே கிடக்கிறோம்.

அந்த இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியில் ஒரு தையல் மெஷினும் கூண்டில் ஒரு நாயும்.

ஒடெட்டாவைக் காணோம். அவள் கணவன் வெர்னன் ரேடியோவை விட்டு நகரவில்லை. "பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு வீடாப் பார்க்கப் போனா. வந்துடுவா," என்றார்.

எங்கள் வீடு அந்தப் பக்கம்தான்.

ஆகஸ்ட் 14
ஒடெட்டா கிடைத்துவிட்டாள், உயிரில்லாமல். எங்கள் வீட்டுப் பின்கதவருகே. கடவுளே, எங்கள் வீட்டில்.

ஆகஸ்ட் 15
டுவேன் கார்க் கண்ணாடிச் சாம்பலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நானும்.

ஆகஸ்ட் 19
ஒடெட்டாவின் அடக்கம் முடிந்தது. வெர்னன் எங்கள் வண்டிக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கடைசியா ரேடியோல, 'நாற்பத்தொண்ணுல துண்டு இல்ல, மார்லீன் உள்ள இருப்பா, பார்த்துட்டு வரேன்'னா," என்றார். "பதட்டத்துல மறந்திருப்பீங்க. யாருக்கும் நடக்கும்."

"ஆமா, மறந்துட்டோம்," என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. டுவேன் பதறிப்போய்ப் பைக்குள் கைவிட்டு, கைக்கு அகப்பட்ட துணியை உருவி என் மடியில் போட்டான்.

கோணல் நான்கு. பக்கத்தில் ஒன்று. நடுவில் துப்பாக்கி எண்ணெய்க் கறை.

வெர்னன் துண்டைப் பார்த்தார். திறந்து கிடந்த பையைப் பார்த்தார்.

"இதை நான் வெச்சுக்கவா?" என்றார். "அவ கையெழுத்து."

கொடுத்துவிட்டேன்.