ஆமை ரயிலில் நானே சொல்லும் கதை

இன்று காலை ஆமைப் பொம்மையின் ஓட்டுக்குப் பச்சை பூசினேன். பெயின்ற் மணம் மூக்கில் ஏறியதும், நீ பக்கத்தில் நின்று "எடி, இன்னும் கொஞ்சம் மஞ்சள் கல" என்று சொல்வதுபோல் இருந்தது. நீ போய் எட்டு மாதமாகிறது.

இணுவிலில் நாம் இருவரும் சிறுவர் பூங்கா தொடங்கியபோது, ஊஞ்சலும் சறுக்கியும் போதும் என்றார்கள். நீதான் குட்டி ரயில் வேண்டும் என்று நின்றாய். இருட்டுக் குகைக்குள் ரயில் மெல்லப் போகும். கீரிமலைக் கடலில் விழுந்த நட்சத்திரத்தை ஓர் ஆமை வானத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கதை, வளைவுக்கு வளைவு பொம்மைகளாகத் தெரியும். பேய் ஒன்று வைத்தால் சனம் வரும் என்று சிலர் சொன்னபோது நீ மறுத்துவிட்டாய். "ஒரு பிள்ளையும் அழுதுகொண்டு வெளியிலை வரக்கூடாது."

கதையை உன் குரலில் பதிந்தாய். என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். எனக்குத் திக்குவாய். உடுவிலில் ஒரே வகுப்பில் தோழிகளாகப் படித்த நாளிலிருந்து நான் திக்கிய சொல்லையெல்லாம் நீயே சொல்லி முடித்தாய். அன்பினால்தான். ஆனால் முப்பது வருடமாக நான் ஒரு வசனத்தையும் தனியே முடித்துப் பழகவில்லை.

நீ இறந்ததும் குகையைப் பூட்டினேன். உன் குரலைக் கேட்கும் தெம்பு இல்லை. போன மாதம்தான் திறந்தேன். அன்று இரண்டாவது ஓட்டத்தில் கரண்ட் போய், ரயில் குகை நடுவில் நின்றது. உன் குரலும் நின்றது. ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். ஒரு சிறுமி விம்மத் தொடங்கினாள்.

"எல்லாரையும் இறக்கிவிடுவம்," என்றார் ரயில் ஓட்டும் யோகன் அண்ணை.

"பொறுங்கோ அண்ணை."

ரோச் லைற்றை ஆமையின்மேல் அடித்தேன். "ஆமை வந்து ந... ந..." அதற்குமேல் வரவில்லை. பழக்கத்தில் உன்னைத் தேடி ஒருபக்கம் திரும்பினேன். யாரும் சொல்லை எடுத்துத் தரவில்லை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள்.

விம்மிய சிறுமிதான் சொன்னாள்: "ஆறுதலாச் சொல்லுங்கோ அன்ரி. நாங்கள் இருக்கிறம்தானே."

"நட்சத்திரத்தை முதுகிலை ஏத்திச்சுது," என்றேன்.

கதையை வானம்வரை கொண்டுபோய்விட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் கதைத்ததில்லை. கரண்ட் வந்து ரயில் வெளியே வந்தபோது ஒரு பிள்ளையும் அழவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு ஆட்கள் ஏறினார்கள். "அக்காவின்ரை குரலைப் போடட்டோ?" என்று யோகன் அண்ணை கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. நா... நான் சொல்லுறன்."

அன்றிலிருந்து ஒவ்வோர் ஓட்டத்திலும் கடைசிப் பெட்டியில் ஏறிவிடுகிறேன். முந்திய குரல்தான் நல்லது என்று ஒரு தாய் முகத்துக்கு நேரே சொன்னார். உண்மைதான். ஆனாலும் நான் இறங்கவில்லை.

நாளை பாலர் பாடசாலைப் பிள்ளைகள் நாற்பது பேர் வருகிறார்கள். நாலு தரம் சொல்லவேண்டும், சொல்வேன். உன் குரலைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். கதை என்னிடம் இருக்கிறது. எந்தச் சொல்லில் நான் நின்றுபோனாலும், நீ எடுத்துத் தரவேண்டாம்.