நாலாவது பத்தியில் ஒரு வரி

கூடலூர்
18.2.2009

அன்புள்ள மகன் திலீபனுக்கு,

அப்பா எழுதுவது. மருமகள் வேல்விழியும் பிள்ளைகளும் நலம், எனக்கும் ரத்த அழுத்தம் அடங்கியே இருக்கிறது. மஸ்கட்டில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கக் கௌமாரியம்மன் துணை.

உன் மேற்படிப்புப் பணத்தையும் விழுங்கிக்கொண்டு 1998-ல் அந்த நிதி நிறுவனம் மூடியபோது, ஏமாந்த அறுபத்திரண்டு பேருக்கும் சேர்த்து மனு எழுதியது நான்தான். எதையும் ஒளிக்கக் கூடாது என்று, 'அதிக வட்டிக்கு ஆசைப்பட்டுப் போட்டுவிட்டோம்' என்று ஒரு வரி சேர்த்தேன். வாத்தியார் எழுத்து என்று உன் அம்மா உட்பட எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அந்த வரியைத்தான் சுருளியாண்டி கட்சி மேடையில் வாசித்து, "இவுகளே ஒத்துக்கிட்டாக, ஆசைப்பட்டவுகளுக்கு அரசாங்கம் எதுக்கு அழணும்?" என்றான். பத்திரிகை அதையே போட்டது, டீக்கடை அதையே பேசியது, அதிகாரிகளும் அதையே சொல்லிக் கோப்பை மூடினார்கள். குழாயடியில் உன் அம்மாவை 'வட்டி ஆத்தா' என்று கூப்பிட்டார்கள். சாகும்வரை அவள் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகவில்லை.

இப்போது அவன் மிளகு வியாபாரி. விலை ஏறும் என்று கடன் வாங்கி மூட்டை மூட்டையாக அடுக்கினான், அமெரிக்காவில் வங்கிகள் விழுந்ததும் மிளகும் விழுந்தது. இந்த முறை பத்திரிகைகள் 'உலக நெருக்கடியால் பாதிக்கப்பட்ட வியாபாரிகள்' என்று எழுதுகின்றன, ஆசை என்று ஒருவரும் சொல்லவில்லை, அரசு கடனைத் தள்ளிவைக்கும் என்றுகூடப் பேச்சு. போன வாரம் பதினொரு வியாபாரிகளோடு வீட்டுக்கு வந்து, "வாத்தியாரய்யா, ஒங்க கையால எழுதுனாத்தான் கலெக்டர் ஆபீஸ்ல எடுபடும்" என்றான். கடனைத் தள்ளிவைக்கக் கேட்கும் மனுவை மூன்று முறை திருத்திப் பிழையில்லாமல் எழுதினேன். நாலாவது பத்தியில், 'அதிக லாபத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிவிட்டோம்' என்று சேர்த்தேன். பொய் இல்லையே. ஆனாலும் படித்துப் பாருங்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். "நீங்க எழுதுனதுல பாக்க என்னய்யா இருக்கு" என்று காபியைக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான், மற்றவர்களும் போட்டார்கள்.

திங்கட்கிழமை தேனியில் மனு வாங்கும் கூட்டத்தில் அதிகாரி அந்த வரியை உரக்க வாசித்தார். நான் தூண் ஓரமாக நின்றிருந்தேன். அந்த அறுபத்திரண்டில் ஒருத்தியான மொக்கம்மாள் முதியோர் பென்ஷனுக்காக வரிசையில் நின்றவள், "ஆசைப்பட்டவுகளுக்கு அரசாங்கம் எதுக்குய்யா அழணும்?" என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. மறுநாள் பத்திரிகையில் அதுதான் தலைப்பு, கடனைத் தள்ளிவைக்கும் பேச்சும் அடங்கிவிட்டது. சுருளியாண்டி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். செய்தது சரியா என்று மட்டும் எனக்கு எழுதாதே.

சித்திரையில் அம்மாவின் திதி, விடுப்புக்கு இப்போதே சொல்லிவை. உனக்கு ஒரு குறையும் வராது. இனி இந்த ஊரில் என் எழுத்தைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், அது நல்லதுதான். அன்றைக்கு உன் அம்மா படித்திருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லியிருப்பாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
கர்ணன்