மேல்தளத்தில் நின்று சிரித்தவர்கள்

பியூமான்ட், டெக்சஸ்
ஜூலை 19

என் அருமை மகள் மார்லிஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை கோலினும் பெர்த்தில் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, படி மட்டும் ஒவ்வொன்றாக ஏறுகிறாள். நாங்கள் கப்பலிலிருந்து இறங்கிப் பதினொரு நாள் ஆகிறது. அடுத்த மாதம் மாப்பிள்ளை, மாமனார், மாமியாரோடு நீயும் கப்பல் ஏறப்போகிறாய், என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று போனில் கேட்டாய். எல்லாம் அருமையாக இருந்தது என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய் மார்லிஸ். அந்தக் கப்பலை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது, அதில் பாதி கப்பலால் வந்தது, பாதி என்னால் வந்தது.

முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். துறைமுக வாசலில் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது உன் அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், அதனால் மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி எல்லாம் தோள்பையிலேயே இருக்கட்டும். அறையைக் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேள், ஆட்டம் குறைவாக இருக்கும். ஊர்களில் இறங்கி வண்டி பிடிக்கும்போது கட்டணம் தலைக்கா, வண்டிக்கா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடு. மேல்தளத்து பஃபே பக்கம் கூடுமானவரை போகாதே. தட்டில் இறாலை மலையாகக் குவிக்கிறார்கள், நாலைக் கடித்துவிட்டு மிச்சத்தின் மேல் கை துடைத்த காகிதத்தைப் போட்டு எழுந்து போகிறார்கள். ஒருவன் நீச்சல் உடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, கரண்டி அங்கேயே கிடக்க, கையை விட்டுத் தர்பூசணித் துண்டுகளைப் பொறுக்கினான், பிடிக்காததைத் திரும்பவும் அதிலேயே போட்டான். மூன்றாம் நாள் எங்கள் தளத்தில் ஆறு அறைகளில் வாந்தி. வாசலில் கையில் பீய்ச்சுகிற திரவம் அந்த நோய்க்குப் போதாதாம், சோப்புப் போட்டுக் கழுவு. கீழ்த்தளத்தில் மேசையில் உட்கார வைத்துப் பரிமாறுகிற கூடம் ஒன்று இருக்கும், அங்கேயே சாப்பிடு.

ஆனால் அந்தக் கூடத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். எங்கள் மேசைக்குக் கார்லண்ட் என்று துல்சாக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அப்புறம் லஃப்கினிலிருந்து அயோனி என்ற அம்மாள், எழுபத்தொன்பது வயது, கைத்தடி, தனியாக வந்திருந்தார். கணவர் இருக்கும்போதே பதிவு செய்த பயணமாம், அவர் மார்ச்சில் போய்விட்டார். அம்மாவுக்கு அவரை முதல் நாளே பிடித்துப்போனது. எனக்கு கார்லண்டைப் பிடித்தது, அதை மறைக்க மாட்டேன். மனிதர் வாயைத் திறந்தால் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். பரிமாறுகிற ரொடெலியோ என்ற பிலிப்பைன்ஸ்காரப் பையனைத் தினமும் வேறு வேறு பேர் வைத்துக் கூப்பிடுவார், அதற்கும் நான் சிரித்தேன்.

ஐந்தாம் நாள் ரொவாட்டான் தீவு. கடற்கரைக்குப் போகலாம் என்று அம்மா கூப்பிட்டாள், எனக்குச் சோம்பலாக இருந்தது, நீயும் அயோனியும் போய்விட்டு வாருங்கள் என்றேன். இருவரும் வின்டன் என்ற தீவுக்காரரின் வேனில் போனார்கள். இதை நன்றாகக் கேட்டுக்கொள். கப்பல் தன் நேரத்தை மாற்றாது, உன் போன் கரையில் இறங்கியதும் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். அன்றைக்குத் தீவு நேரம் கப்பலுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. அம்மா போனைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக மணலில் உட்கார்ந்திருக்கிறாள். வின்டன்தான், கப்பலில் வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்களே, இந்த இரண்டு அம்மாக்களும் எங்கே என்று தானாகவே தேடி வந்து இவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

நான் அந்த நேரம் மேல்தளத்தில் பியரோடு இருந்தேன். அம்மா வந்து அறையில் படுத்திருப்பாள் என்று நினைத்தேன், போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் பெயரை ஒலிபெருக்கியில் இரண்டு முறை கூப்பிட்டார்களாம், நீச்சல்குளத்துப் பாட்டுச் சத்தத்தில் எனக்கு விழவில்லை. கார்லண்ட் என்னைக் கைப்பிடி ஓரத்துக்கு இழுத்தார். ஊருக்கு ஊர் நடக்கிற கூத்து இது. கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களைப் பார்க்கக் கூட்டம் கூடும், கையில் குவளையும் போனுமாக, வருவார்களா மாட்டார்களா என்று பந்தயம் கட்டுவார்கள். அன்றைக்கு இருநூறு பேர் இருக்கும். நீளமான அந்தத் துறைப்பாலத்தில் இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், பின்னால் ஒருவர் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்கள் ஓடவில்லை. ஒருத்தி மற்றவளைத் தாங்கிப் பிடித்து, அடி அடியாக நடத்திக்கொண்டு வந்தாள். "கெழவிய விட்டுட்டு ஓடி வாம்மா" என்று கார்லண்ட் கத்தினார். தளமே சிரித்தது. நானும் சிரித்தேன், வாய்விட்டு. அப்போது தாங்கிப் பிடித்திருந்தவள் தடுக்கி முழங்காலில் விழுந்தாள், கூட்டம் கை தட்டியது. அவள் எழுந்து மறுபடி அந்தக் கையைப் பிடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது அது உன் அம்மா என்று.

பதினொரு தளம் இறங்கினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், ஏறுபலகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கால் ரத்தமாக இருந்தது. எங்கே இருந்தாய் என்று கேட்டாள். அறையில்தான் என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் கார்லண்ட், மேலிருந்து தான் எடுத்த படத்தை ஓடவிட்டு, ரொட்டிக்கூடைக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தார், நம் நட்சத்திரங்களைப் பாருங்கள் என்று. அவருக்கு அவர்கள் யாரென்று தெரியும், அதுதான் அவருக்கு இன்னும் வேடிக்கை. அம்மா கண்ணை எடுக்காமல் கடைசிவரை பார்த்தாள். அதில் கார்லண்டின் கத்தலுக்கு அடுத்து, எல்லாச் சிரிப்புக்கும் மேலே, ஒரு சிரிப்பு கேட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, கார்லண்டைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தச் சிரிப்ப எனக்குத் தெரியும். நாப்பத்தோரு வருஷமா என் வீட்டுல கேக்குற சிரிப்பு அது." அயோனியின் கையைப் பிடித்து எழுந்தாள். ரொடெலியோ சமையலறைக் கதவோரம் இருந்த சின்ன மேசையில் இரண்டு தட்டு வைத்தான். கார்லண்ட், சும்மா விளையாட்டுக்குத்தானே, இதற்குப் போய் மூஞ்சியைத் தூக்குகிறார்களே என்றார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. வந்த புட்டிங்கைச் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் கார்லண்டிடம் அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது, ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார். அயோனி அறைக்கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "அவ்வளவு தூரம் எனக்குக் கண்ணு தெரியாது, யார் நின்னாங்கன்னு நான் பாக்கல. காது மட்டும் நல்லாக் கேக்கும்" என்றார். அன்று ராத்திரி சின்ன மேசைக்குப் போய் நின்றேன். அம்மா என்ன சொல்வாளோ என்று ரொடெலியோ அவள் முகத்தைப் பார்த்தான். இடம் இருக்கிறது, தட்டு வை, பேச்சை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம் என்றாள்.

இப்போது பேசுகிறாள். பால் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது என்கிற அளவுக்கு. முந்தாநாள் தானாக ஒன்று சொன்னாள். அந்தப் பாலத்தில் அயோனி மூன்று முறை, நீ போய்விடு என்றாராம். ஆனால் வாய்தான் அப்படிச் சொன்னதாம், கை இவளை இறுக்கிப் பிடித்திருந்ததாம், விட வேண்டும் என்று தோன்றவே இல்லையாம்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தப் படம் ஹூஸ்டனில் உன் சித்தி போன் வரைக்கும் வந்துவிட்டது, உனக்கும் வரும். அதில் பெரிதாகக் கேட்கிற சிரிப்பு உன் அப்பாவுடையது. வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அம்மாவை மட்டும் பார். அவ்வளவு சத்தத்திலும் அவள் ஒரு தடவைகூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் போய் வர வேண்டும், கடவுள் துணை இருப்பார். மறக்காமல் கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள். கப்பல் கிளம்புகிற நேரத்தில் யாராவது வா வேடிக்கை பார்க்கலாம் என்று கூப்பிட்டால் மேலே போகாதே. கீழே இறங்கி, ஆட்கள் ஏறுகிற வாசலில் போய் நில்.

என்றும் உன் நன்மையை வேண்டும்
அப்பா டெல்பர்ட்