அந்த இரண்டு நிமிடத்தை வெட்டச் சொல்கிறார்கள்

எந்தப் படமானாலும் முன்வரிசையில் உட்கார்ந்து கழுத்து வலிக்கப் பார்த்த என் அண்ணனுக்கு,

இவ்வளவு ராத்திரியில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பாப்பாவுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அழுது அழுது இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நாளைக்குள் ஒருவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் பேசிவிட நினைத்தேன்.

நம் படம் வெளிவந்துவிட்டது, அண்ணே. நீ கண்ணை மூடி ஐந்து மாதம் கழித்து, புதுக்கோட்டையில் ஒரே தியேட்டரில், நான்கு நாள், பகல் காட்சி மட்டும். அன்னவாசல் பக்கம் மூடிக்கிடந்த கடலை மில்லுக்குள் பன்னிரண்டு ராத்திரியில் எடுத்த படத்துக்கு அதுவே பெரிது என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

இதை ஃபேஸ்புக்கில் போடப்போகிறேன். படம் பார்க்காதவர்களும் படிப்பார்கள் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்குவாரியில் நடந்த கொலையைப் பார்த்துவிட்ட ஐந்து பேர் ஒரு மில்லுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். கொன்றவர்கள் வெளியே வளைத்து நிற்கிறார்கள். விடிவதற்குள் என்ன ஆகிறது என்பதுதான் படம்.

"வில்லன் மூஞ்சியக் காட்டவே இல்லையே, காசு பத்தலையா?" என்று இடைவேளையில் ஒருவர் கேட்டார். அன்று சாயங்காலமே ஒரு கல்லூரிப் பையன், முகத்தைக் காட்டாமல் பூட்ஸ் காலை மட்டும் காட்டிப் பயமுறுத்தியது பெரிய துணிச்சல் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். வில்லனாக நடிக்க வேண்டியவருக்கு மஞ்சள்காமாலை வந்ததும், அவருடைய பூட்ஸை என் வீட்டுக்காரருக்கு நீ மாட்டிவிட்டதும் நமக்குத்தானே தெரியும்! உன் மச்சான் அந்த விமர்சனத்தை எல்லாரிடமும் நீட்டுகிறார். "அந்தக் காலு யாருதுன்னு கேளுங்க!"

மணமேல்குடிப் பெரியம்மா இரண்டு பஸ் மாறி வந்து பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. அவ கதவத் தொறந்திருந்தா படம் வெள்ளனவே முடிஞ்சிருக்கும். நானும் ஊருக்குப் போயிருப்பேன்."

அவ கதவத் தொறந்திருந்தா. எல்லாருடைய சண்டையும் அங்கேதான் வந்து நிற்கிறது, அண்ணே.

மில்லுக்குள் இருக்கும் ஐந்து பேரில் ஒருத்திதான் கதாநாயகி. வெளியிலிருந்து தெரிந்த குரல் ஒன்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. இரண்டு தடவை. கைக்குழந்தையோடு இருக்கும் அவள், பதில் கொடுக்கப் போனவனின் வாயைப் பொத்துகிறாள். "மூணாவது தடவ கூப்பிடட்டும்." மூன்றாவது குரல் வரவே இல்லை. விடிந்து பார்த்தால், அவர்களைக் காப்பாற்ற வந்து கூப்பிட்ட லாரி டிரைவர் வாசலில் செத்துக் கிடக்கிறான்.

ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும், பேய் தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடும், ஆனால் மூன்று தடவை கூப்பிடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்த குரலுக்கு ஏன் திறக்கவில்லை, கதையில் லாரி போகிற அளவு ஓட்டை என்று எழுதுகிறார்கள். படித்த பெண்ணாகக் காட்டிவிட்டுப் பேய்க்கதையா என்கிறார்கள். இவளெல்லாம் ஒரு தாயா என்றுகூட ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆனால் திருக்கோகர்ணத்து ஆட்டோக்காரர் ஒருவர் என்னை இறக்கிவிட்டுவிட்டு வண்டியை எடுக்காமல் நின்றார். "அந்த எடத்துல எனக்கு மூச்சே நின்னுபோச்சும்மா. எங்க வீட்ல இருக்கே, அதுவும் அச்சு அசலா இப்புடித்தான் பண்ணும்."

போன வாரம் சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். செல்போனில் படம் காட்டும் கம்பெனி. "அந்த ரெண்டு நிமிஷத்த மட்டும் தூக்கிரலாம் மேடம். சாவி தொலைஞ்சுபோச்சுன்னு ஒரு வரி டப்பிங்ல சேத்துக்குறோம். லாஜிக்கும் சரியாயிரும், ஹீரோயின் மேல ஜனங்களுக்குக் கோவமும் வராது." கதை என்கிற இடத்தில் உன் பெயரோடு என் பெயரையும் நீ போட்டுவைத்ததால், என் கையெழுத்து இல்லாமல் எதையும் வெட்ட முடியாதாம். நான் மறுத்தால் அவர்களுக்குப் படமே வேண்டாமாம்.

"கையெழுத்தப் போடு புள்ள," என்றார் உன் மச்சான். "ரெண்டே நிமிஷந்தானே? மச்சான் பேரு நாலு ஊருக்குத் தெரியட்டுமே."

"சாவி தொலைஞ்சா அந்த டிரைவர் செத்தது யாரு தப்புங்க?"

"யாரு தப்பும் இல்ல. அதுக்குத்தானே கேக்குறாங்க."

"அப்ப எங்கண்ணன் எடுத்தது என்ன படம்?"

அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அது ஓட்டை இல்லை, அண்ணே. அது நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எல்லாரும் படிக்கட்டும். பாப்பா பிறந்து நாற்பதாவது நாள். அவர் திருப்பூரில் வேலையில் இருந்தார், அம்மா ஒரு சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்புக்கு மணமேல்குடி போயிருந்தார். நீ மில்லைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில் வந்து வாசலில் நின்று கூப்பிட்டாய். உன் செல்போனில் சார்ஜ் இல்லை. ஒரு தடவை. இன்னொரு தடவை. உன் குரல் என்று எனக்குத் தெரியும். இயற்பியலில் முதுகலை முடித்தவள், தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு, குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றேன். நீ மூன்றாவது தடவை கூப்பிடவே இல்லை.

காலையில் பஸ் நிழற்குடையிலிருந்து எழுந்து வந்தாய், முகமெல்லாம் கொசுக்கடி. "ஏன்டி, பேய்க்கு மூஞ்சி இம்புட்டு வீங்குமா?" என்றாய். ஏன் இன்னொரு தடவை கூப்பிடவில்லை என்று நான் அழுதபோது, "பாப்பா முழிச்சிரும்ல" என்றாய். அன்றைக்கே உட்கார்ந்து அந்தக் காட்சியை எழுதினாய்.

பயந்தவள் முட்டாள் இல்லை. வாசலில் நின்றவனும் முட்டாள் இல்லை. அவள் குழந்தைக்காகத் திறக்கவில்லை, அவன் அதே குழந்தைக்காகச் சத்தம் போடவில்லை. இருந்தும் ஒரு உயிர் போய்விட்டது. இதைச் சாவி தொலைந்த கதையாக ஆக்க நான் சம்மதிக்க வேண்டுமா? திட்டுகிறவர்கள் திட்டட்டும். அந்த அம்மாவைக் கெட்டவள் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. அவளே இல்லாமல் ஆக்க யாருக்கும் உரிமை இல்லை.

இதை எழுதுவதை நிறுத்திவிட்டு, சற்றுமுன் அந்தக் கம்பெனிக்காரருக்கு அனுப்பிவிட்டேன்: "ஒரு நொடிகூட வெட்டச் சம்மதம் இல்லை."  உன் படம் நான்கு நாளோடு முடிந்துபோக நானே காரணமாகிவிட்டேனோ என்ற பயம் இருக்கிறது. ஆனால் திரும்பப் பெற மாட்டேன்.

நான் இருக்கும்வரை அந்தக் காட்சி நீ வைத்த இடத்திலேயே இருக்கும். பாப்பாவுக்கு விவரம் தெரிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக்காட்டி, திறக்காமல் நிற்கிறாளே, அவள் உன் அம்மாதான் என்று என் வாயாலேயே சொல்வேன். இது சத்தியம்.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அன்று காலையில் நீ சிரித்தாயே, உள்ளுக்குள்ளும் என்மேல் கோபம் இல்லாமல்தானே சிரித்தாய்? சீக்கிரம் பதில் போடு, அண்ணே.

உன் மருமகளைப் பெற்றவள்,
உன் ஒரே தங்கச்சி