முன் அறைக்குப் புதுப் பூட்டு

2024 மே 6, திங்கள்

முன் அறையை ஜெயந்தனுக்கு வாடகைக்குக் கொடுத்து இன்றோடு ஒரு மாதம். குழாய்க்கிணறு அடிக்கிற வேலை. ஒழுங்கான பிள்ளை. பின்னேரம் நான் தையல் கடையால் வந்தால், தேத்தண்ணி குடித்தபடி பழைய கதை கேட்பான். இன்றைக்கு, 2009 தையில் சண்டைக்குள் இந்த முரசுமோட்டையை விட்டு வெளிக்கிட்ட நாளைக் கேட்டான். என் வாய் சும்மா இருக்குமா? நான் உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்ற, இவர், என் மனுசன், குசினிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பரலை மண்ணுக்குள் தாட்டதையும், எந்த இடம் என்று சொல்லாமலே மாத்தளனில் செத்துப்போனதையும் சொன்னேன். "என்ர சங்கிலியும் காப்பும்தான் இருக்கும்" என்றேன்.

"பழைய குசினி எந்தப் பக்கம் அன்ரி?"

"நீர் படுக்கிற அறைதான். வீட்டைத் திருப்பிக் கட்டேக்க அடுப்பைப் பின்னுக்கு மாத்திப்போட்டன்" என்று சிரித்தேன்.

மே 20

அறைக்குப் புதுப் பூட்டு. கேளாமல் மாற்றியிருக்கிறான். என் வீட்டுக்கு என்னிடம் திறப்பு இல்லை! கோபத்தில் நேரே பொலிசுக்குப் போனேன். சார்ஜன் சிரித்தார்.

"பூட்டு மாத்தினதுக்குப் பொலிசோ அம்மா? மத்தியஸ்த சபைக்குப் போங்கோ. எதையும் உடைச்சால், உங்களை வெருட்டினால் எங்களிட்ட வாங்கோ."

வெட்கமாய்ப் போய்விட்டது.

மே 29

பக்கத்து வீட்டுச் சாரங்கா மறித்தாள். "அக்கா, நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு எட்டு நாளாய் உங்கட வீட்டுக்குள்ள டும் டும் எண்டு கேக்குது."

ஜெயந்தனைக் கேட்டேன். சாமான் வைக்கச் சுவரில் தட்டு அடிக்கிறானாம். தட்டு அடிக்க எட்டு நாளோ? பொலிசுக்குப் போய் மறுபடியும் சிரிப்பு வாங்க மனமில்லை.

ஜூன் 3

தலையிடி. பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். முன் அறை யன்னல் திறந்திருந்தது.

ஐயோ. அறைக்கு நிலம் இல்லை. சீமெந்தை உடைச்சுப் போட்டு — நெஞ்சளவு ஆழத்துக்குக் கிடங்கு. கட்டிலுக்குக் கீழ முழுக்க மண் மூட்டை. ஜெயந்தன் கிடங்குக்குள்ள நிண்டு என்னைப் பாக்கிறான்!

"பொலிசுக்குப் போறன்" என்றேன்.

அவன் பதறவில்லை. "போங்கோ அன்ரி. என்னத்தைத் தாட்டனீங்கள் எண்டு முதல் உங்களைத்தான் கேப்பாங்கள்."

போகவில்லை. குசினியில் குந்தியிருந்து எழுதுகிறேன். நகை என்று நான்தானே சொல்லித் திரிகிறேன்? இவர் உண்மையில் என்னத்தைத் தாட்டார்? துவக்கு, குண்டு ஏதும் என்றால்? இந்த வயதில் விசாரணையோ?

ஜூன் 4

விடிய எழும்பினால், என் கட்டிலோரச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. அந்தப் பக்கம்தான் கிடங்கு. பரலுக்குள் என்ன இருந்தால் என்ன, வீடு விழுந்தால் நான் எங்கே போக? போனேன். அதே சார்ஜன். சிரிக்கவில்லை.

"நேற்றே வந்திருக்கோணும் அம்மா."

ஜெயந்தனைக் கிடங்குக்குள்ளேயே பிடித்தார்கள். அவன் காலடியில் நீலப் பரலின் மூடி. குண்டாக இருக்கலாம் என்று எல்லோரையும் றோட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மணித்தியாலம் வேலியைப் பிடித்தபடி நின்றேன். பிறகு கூப்பிட்டார்கள்.

பொலித்தீனால் சுற்றிச் சுற்றி — கொப்பிகள். என்ர கொப்பிகள்! பதினேழு வருஷ நாட்குறிப்பு. இடம்பெயரும் வழியில் சோதனை செய்து யாரும் வாசித்தால் என்ன வருமோ என்று, எரிக்கச் சொல்லி நான்தான் இவரிடம் கொடுத்தேன். "எரிச்சிட்டன்" என்றார். நம்பினேன்.

நகை இல்லை. அதை இவர் வழியில் அரிசிக்கு மாற்றியிருக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் அரிசி எங்கே கிடைத்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஜெயந்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ?" என்றான்.

ஜூன் 19

கொப்பிகள் வழக்குப் பொருளாம். இன்று பொலிசில் கையெழுத்து வைக்கக் கூப்பிட்டார்கள். சார்ஜன் ஒன்றை எடுத்து, "பாக்கலாமோ அம்மா?" என்றார். பதினைந்து வருஷத்துக்கு முன் நான் பயந்தது இதற்குத்தான்.

"வாசியுங்கோ" என்றேன்.

நடுவில் விரித்துச் சத்தமாய் வாசித்தார்: "இவரிடம் ஒரு வேலை சொன்னால், ஒருநாளும் சொன்னபடி செய்யமாட்டார்."

சார்ஜன் சிரித்தார். நான் அங்கிருந்த மர வாங்கிலேயே இருந்து, பொலிஸ் நிலையம் முழுக்கக் கேட்க அழுதேன்.