பதினோராம் ரீல்

வைகாசி 15, வியாழன்
சோளகக் காற்று. தியேட்டர் ஒப்பறேற்றர் அறை முழுக்கப் புழுதி. காலை ரயிலில் புதுப் படப்பெட்டி. இங்கிலீசுப் படம், 11 ரீல். பெட்டிகளில் நம்பர் அழிந்து கிடக்கிறது. நம்பர் எழுதி ஒட்டுகிற துண்டுகளை என் மனிசி பூரணத்திடம் ஆசுப்பத்திரிக்கே கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்தபடி எழுதித் தந்தாள். என் 1ஐயும் 7ஐயும் பிரித்தறிய ஏலாது. கலியாணத்துக்கு முந்தி ஒரு முறை ஏழாம் ரீலை முதலில் ஓட்டி, சனம் கதிரை உடைத்தது. பதினாறு வருசமாய் எழுதுவது அவள்தான்.

வாங்க: மெசின் லைற்றுக்குக் கார்பன் குச்சி, பூ.வுக்குத் தோடம்பழம்.

வைகாசி 17, சனி
இரண்டு நாளும் ஹவுஸ்புல். காசைத் தண்ணீராய் இறைத்து எடுத்திருக்கிறான்கள். ஆறு கள்ளர், கப்பலில் ஒரு ராசாவின் வைரம், ஹெலிகொப்ரர், பாலத்தால் பறக்கும் கார். பின்னேரம் பூ.வுக்கு நாலு ரீல் கதை சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி, "கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ தம்பி" என்றாள். பூ. சிரித்தாள். கை மட்டும் வயிற்றை விட்டு எடுபடவில்லை.

வைகாசி 19, திங்கள்
டொக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்டி முற்றிவிட்டதாம். ஒப்பரேசன் செய்து பிரயோசனமில்லை. ஒரு மாதம், அதற்கும் குறையலாம்.

குழாயடியில் முகம் கழுவிவிட்டு வார்டுக்குப் போனேன்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"கொஞ்ச நாளிலை சுகமாம்."

"கள்ளர் கடைசியிலை தப்பினவையோ?"

"ஓம். எல்லாரும் தப்பீட்டினம்."

தப்பவில்லை. வைரத்தைக் கலியாணக் கேக்குக்குள் ஒளிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் கடித்துப் பல்லை உடைக்கிறார். எல்லோரும் பிடிபட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறார்கள். அதை இன்று சொல்ல வாய் வரவில்லை.

வைகாசி 20, செவ்வாய்
பூ. ஒற்றைக் காலில் நிற்கிறாள். "நான் உந்தப் படத்தைக் கண்ணாலை பாக்கவேணும்." நேர்ஸிடம் கெஞ்சினேன். "டொக்டர் பாத்திட்டுப் போனாப்பிறகு கூட்டிக்கொண்டு போங்கோ. பன்னிரண்டுக்குச் சனம் நோயாளியளைப் பாக்க வரும். அந்தச் சனத்தோடை கலந்து வந்திடுங்கோ. எனக்கு ஒண்டும் தெரியாது."

திட்டம்:
வியாழன் காலை. முதலாளி யாழ்ப்பாணம் போகிற நாள்.
கூட்டாளி மணியத்தின் கார், ஆசுப்பத்திரிப் பின்வாசலில்.
பச்சைச் சீலை, தலையணை, சோடா.
11ஆம் ரீலைக் கார்பன் பெட்டிக்குப் பின்னால் ஒளிப்பது. பத்தோடு முடிப்பது. கள்ளர் வள்ளத்தில் பாடிக்கொண்டு போகிற இடம். அதுவே முடிவென்று நம்புவாள்.

வைகாசி 22, வியாழன்
8.50க்குக் கார். சீலை இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு மெலிவு. பல்கனிப் படி நானும் மணியமும் தூக்கி. அறுநூறு கதிரைக்கு நடுவில் பூ. ஒருத்தி. பாலத்தில் கார் பறந்தபோது அவள் கை தட்டியது ஒப்பறேற்றர் அறைக்குக் கேட்டது.

பத்தாம் ரீல் முடிந்தது. லைற் போட்டுவிட்டு அவளிடம் போனேன். ஆள் எழும்பவில்லை.

"இஞ்சாருங்கோ, புள்ளி விழுந்ததெல்லே."

"எந்தப் புள்ளி?"

"வலப்பக்க மூலையிலை. ரெண்டு தரம். இன்னும் ரீல் இருக்கு."

கலியாணமான புதிதில் நானேதான் காட்டிக் கொடுத்தேன். முதல் புள்ளிக்கு மற்ற மெசினை ஓடவிடுவது. இரண்டாம் புள்ளிக்கு ரீல் மாற்றுவது. கடைசி ரீலுக்குப் புள்ளி இல்லை. பதினொன்று என்று துண்டு எழுதியவளும் அவள். மடையன் நான், எல்லாம் மறந்துபோனேன்.

"கடைசி ரீலைப் போடுங்கோ."

போட்டேன். இன்ஸ்பெக்டரின் பல் போனதும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படம் முடிந்து பக்கத்தில் போனதும் கேட்டாள்.

"ஏன் தப்பினவை எண்டு சொன்னனீங்கள்?"

சோடாவை உடைத்து நீட்டினேன்.

"அண்டைக்குத்தானே டொக்டர் உங்களைக் கூப்பிட்டுக் கதைச்சவர். எவ்வளவு நாளாம்?"

சொன்னேன். நான்தான் அழுதேன். அவள் சீலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். 11.35. கீழே மணியம் கோர்ன் அடித்தான்.

"மணியத்திட்டைச் சொல்லுங்கோ, ஆசுப்பத்திரிக்கு இல்லை. வீட்டை."

"நேர்ஸ் ஏசப்போறா. நீர் கொஞ்சம் யோசியும்."

"களவெடுத்ததைத் திருப்பிக் குடுத்தது படக்காரர். நாங்கள் குடுக்கத் தேவையில்லை."

திருப்பிக் கொடுக்கவில்லை.

வைகாசி 23, வெள்ளி
ஆசுப்பத்திரிக்குப் போய், பூ.வை வீட்டுக்குக் கூட்டிப்போனதற்குக் கையெழுத்து வைத்தேன். நேர்ஸ் ஏசினாள். "உங்களை நம்பினதுக்கு எனக்கு நல்லாத் தந்தீங்கள்." ஏசி முடித்து, நோவுக்கு மருந்து கொடுக்கிற விதத்தை இரண்டு தரம் சொல்லித் தந்தாள். நேற்று ஓட்டியதற்கு முதலாளி கத்துவார் என்று பார்த்தேன். "அவவுக்குப் படம் பிடிச்சதோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆனி 6, வெள்ளி
மழை வரும்போல இருந்து போய்விட்டது. பூ. கஞ்சி இரண்டு கரண்டி. துண்டும் பேனையும் கேட்டாள்.

"படுத்திரும். நான் எழுதுறன்."

"உங்கடை எழுத்தை நம்பேலாது. வாற படத்துக்கு எழுதி வைக்கிறன்."

ஒன்பது வரை எழுதினாள். மிச்சம் நாளைக்காம். பேனை கையிலிருக்கவே நித்திரை.

ஆனி 8, ஞாயிறு
வயிற்று நோவு கூட. துண்டு எழுதவில்லை.

ஆடி 15, வியாழன்
செத்தவீட்டுத் துடக்கு முடிந்து இன்றைக்குத்தான் வேலை. முப்பத்தொரு நாளும் கொப்பியைத் தொடவில்லை. தொட்டால் அந்த நாளை எழுதவேண்டி வரும். இப்போதும் எழுதப் போவதில்லை.

ஒப்பறேற்றர் அறையை யாரும் கூட்டவில்லை. புதுப் பெட்டி வந்திருக்கிறது. 12 ரீல். பூ.வின் துண்டுகளை எடுத்துப் போய் ஒட்டினேன். ஒன்பது வரை.

மிச்சம் மூன்றையும் நான் எழுதினேன். பார்த்தால் 70, 77, 72.